நாங்கள் அங்கே வசித்தோம் என்பதற்கான கடிதம்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கதைக்கும்போது அம்மாவுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சுவர் பச்சையாக் கிடக்கு?" என்று கேட்டாய். "பெயின்ட் அடிச்சதடா" என்று சொல்லிவிட்டு அம்மா ஃபோனை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நானும் "ஓம், பெயின்ட்தான்" என்றேன். அது பொய். நாங்கள் இப்போது வெள்ளவத்தை வீட்டில் இல்லை. இரண்டு மாதமாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை எடுத்து இருக்கிறோம். பச்சை நிறம் வீட்டுக்காரர் அடித்தது. அம்மாவின் முழங்காலுக்கு இந்தப் படிகள் சரிவரவில்லை. களுபோவில கிளினிக்குக்கு முன்பு ஒரு பஸ்ஸில் போய்வந்தவர், இப்போது இரண்டு பஸ் ஏறி இறங்குகிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தச் சத்தியத்தை இந்தக் கடிதத்தில் உடைக்கிறேன்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் பாதியில் நிறுத்திவிட்டு "சாப்பிட்டியா, குளிர் எப்பிடி" என்று பேச்சை மாற்றிவிடுவேன். பாதியில் நிறுத்துவதில் உன் அப்பாவுக்கு நல்ல பழக்கம் உண்டு. எழுத உட்கார்ந்தால் முழுவதையும் எழுதித்தான் எழும்ப வேண்டும். வாசிக்கும்போது சில இடங்களில் உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தை நீ இப்போது வேறு ஓர் ஆளின்மேல் வைத்துக்கொண்டிருக்கிறாய். அது அவருக்குச் சேர வேண்டியதல்ல.

நீ லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் தங்கள் நாட்டுக்கு வந்து ஒரு வருடம் நின்று வேலை தேடலாம் என்று ஐரோப்பாவில் ஒரு நாடு விசா தருகிறது என்று சொன்னாய். சிங்கப்பூரில் புலமைப்பரிசிலில் படித்த உன் பட்டம் அதற்குப் பொருந்தும். ஆனால் பட்டம் எடுத்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், உனக்கு ஏழு கிழமைதான் மிச்சம். தேவையான பத்திரங்களை ஒவ்வொன்றாக வாசித்தாய். பட்டச் சான்றிதழ், பெறுபேறு, வங்கிக் கணக்கு, பொலிஸ் சான்றிதழ். கடைசியாக, இப்போது வசிக்கும் விலாசத்துக்கு அத்தாட்சி. "இது சிம்பிள் அப்பா. ஒரு கரண்ட் பில் காணும்" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை. மற்ற எல்லாப் பத்திரமும் நீ படித்து, உழைத்துச் சம்பாதித்தவை. அந்தக் கடைசி ஒன்று மட்டும் நான் உனக்குத் தர வேண்டியது. அது என்னிடம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

கரண்ட் பில் சித்தப்பாவின் பெயரில். தண்ணீர்க் கட்டணம் தொடர்மாடிப் பராமரிப்போடு சேர்த்து, அதுவும் அவர் பெயரில். என் தம்பி கனடாவிலிருந்து வாங்கிய வீட்டில் நாங்கள் பத்தொன்பது வருடம் இருந்தோம். வாடகை கேட்டதில்லை. வாங்கியபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "அண்ணை, அந்த விலாசத்தில வாக்காளர் இடாப்பில பேர் போடாதேங்கோ. பிறகு விக்கேக்க பிரச்சினை வரும்." நான் உடனே ஓம் என்றேன். ஏன் அவ்வளவு உடனே ஓம் என்றேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அந்த ஓம் எங்களை எங்கெங்கே கொண்டுபோய் விட்டது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோன வருடம்தான் உன்னை முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பாடசாலைக்கு விலாச அத்தாட்சி வேண்டும். எங்களிடம் இல்லாதபடியால் என்னோடு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை செய்த நௌஷாத் நாநாவின் விலாசத்தைக் கேட்டு வாங்கினேன். அவர் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். மறுபேச்சில்லாமல் தந்தார். நேர்முகத்தில் பிள்ளையிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு கிழமை முழுக்க உன்னைக் குளிக்கவார்க்கும்போதும் சாப்பாடு தீத்தும்போதும் அந்த வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் பாடமாக்க வைத்தேன். "ஆனா நாங்கள் அங்க இல்லையேப்பா" என்று நீ கேட்டாய். "இருக்கிறம் எண்டு சொல்லு" என்றேன். அதிபர் கேட்டபோது நீ ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாய். வெளியில் வந்து உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். நான் உனக்குச் சொல்லித்தந்த முதல் பொய் உன் சொந்த விலாசம்.

பதினாறு வயதில் உன் அடையாள அட்டையும் பாடசாலை மூலம் அந்த விலாசத்துக்கே வந்தது. நௌஷாத் நாநா மௌத்தாகி, பிள்ளைகள் அந்தக் காணியை விற்று, அங்கே இப்போது ஒன்பது மாடிக் கட்டடம் நிற்கிறது. அடையாள அட்டையின்படி நீ இருந்த வீடு தரையிலேயே இல்லை. வங்கிக்குப் போனாய். கணக்கில் விலாசம் மாற்ற வேறு விலாச அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக் கடதாசி எடுத்தோம். விசா விண்ணப்ப நிலையத்தில் அதை ஒரு விரலால் தள்ளிவிட்டு, வீட்டுச் சொந்தக்காரரின் கடிதமும் அவர் பெயரிலுள்ள பில்லும் சேர்த்துத் தரச் சொன்னார்கள். அதற்கிடையில் நாங்கள் இரண்டு பேரும் வதிவிடச் சான்றிதழ் கேட்டுக் கிராம சேவகரிடம் போனோம்.

அந்தப் பெண் உன்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். நல்ல பிள்ளை. சிங்களத்தில்தான் கதைத்தார், ஆனால் எங்களைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கதைத்தார். இடாப்பைப் புரட்டி, அந்தத் தொடர்மாடியின் பக்கத்தை எடுத்து, எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பெயர்கள் இருந்தன. எங்கள் வீட்டுக்கு நேரே வெறுமை.

"அங்கிள், என்னுடைய புத்தகத்தின்படி இந்த வீட்டில் யாரும் இல்லை."

"நான் உங்களைக் காலி வீதியில் ஒவ்வொரு நாளும் காண்கிறேனே மிஸ்."

"நானும்தான் காண்கிறேன் அங்கிள். கண்டதை எழுத எனக்கு அனுமதி இல்லை. சொந்தக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், நான் அன்றே வதிவிடச் சான்றிதழ் தருகிறேன்."

வெளியில் வந்ததும் நீ வெடித்தாய். வீதியில், மரக்கறி வண்டிக்குப் பக்கத்தில் நின்று, ஆட்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்கக் கத்தினாய். "பத்தொன்பது வருசம் அப்பா! ஒரு துண்டுக் கடதாசி இல்லையா? இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?" நீ கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதை அந்த மரக்கறி வண்டிக்குப் பக்கத்தில் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திராது.

அடுத்த நாள் காலையில் சித்தப்பாவுக்கு எடுத்தோம். நீதான் ஸ்பீக்கரில் போட்டாய். நான் விசயத்தைச் சொன்னேன்.

"அண்ணை, கடிதம் பெரிய விசயமில்லை. ஆனா நீங்கள் பத்தொன்பது வருசமா இருக்கிறீங்கள் எண்டு நானே எழுதிக் கையெழுத்து வைச்சா, நாளைக்கு அதை வைச்சு இது எங்கட வீடு எண்டு கோட்டில நிக்கலாமாம். லோயர் சொல்லுறார்."

"நான் உன்னைக் கோட்டுக்கு இழுப்பனோ தம்பி?"

"ஆர் எந்த நேரத்தில என்ன சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியாது அண்ணை."

நீ ஃபோனைப் பறித்தாய். "சித்தப்பா, நாங்கள் இந்த வீட்டில இருக்கிறமா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கோ." அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். நீ என்னைப் பார்த்து, "என்ன மனுசன் அப்பா இவர்? கூடப்பிறந்த அண்ணனை இருக்கிறார் எண்டு சொல்ல ஏலாதாம். கல்நெஞ்சன்" என்றாய். அம்மா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்பவாவது சொல்லுங்கோ என்பது அந்தப் பார்வை. நான் பேப்பரை எடுத்து விரித்தேன்.

இப்போது சொல்கிறேன். நீ அம்மாவின் வயிற்றில் உருவாகியிருந்த நேரம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகும் ஓர் ஒழுங்கையில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். அது சண்டைக் காலம். வடக்கிலிருந்து வந்த ஒவ்வொருவரும் இருக்கும் வீட்டில் பொலிஸ் பதிவு வைத்திருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களின் பெயரை எழுதி, சொந்தக்காரரின் கையெழுத்தோடு பொலிசில் கொடுத்துச் சீல் வாங்கிய படிவம் அது. எங்கள் வீட்டுக்கார அம்மா எங்கள் இரண்டு பெயருக்குத்தான் கையெழுத்து வைத்தார். அப்போதுதான் உன் சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போவதற்கென்று வந்தார். அப்போது அவர் எனக்கு அவன்தான். வயது இருபத்தொன்று. மூன்றாவது பெயரைப் போடக் கேட்டபோது வீட்டுக்கார அம்மா, "பொடியன்களை வைச்சிருக்க ஏலாது. பேர் போட வேணுமெண்டால் வேற வீடு பாருங்கோ" என்றார். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே வீடு பார்ப்பேன்? பேசாமல் விட்டேன். நாலு மாதம் அவன் எங்களோடு இருந்தான், எந்தக் கடதாசியிலும் இல்லாமல்.

நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, ஒரு காலை ஆறு மணியளவில் பொலிஸ் வந்தது. இரண்டு பேர். என்னிடம் படிவத்தை வாங்கிப் பார்த்தார்கள். தம்பி முற்றத்துக் குழாயடியில் சாரத்தோடு நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாய் நிறைய நுரை. அவனுடைய துவாய் எங்கள் கொடியில். அவனுடைய பாய் சுருட்டியபடி கதவுக்குப் பக்கத்தில். மூத்த அதிகாரி எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். பிறகு அவனைக் காட்டி என்னிடம் கேட்டார்: "மெயா மெஹேத இன்னே?" இவர் இங்கேயா இருக்கிறார் என்று.

"நே சேர்" என்றேன், இல்லை என்று. நேற்றுத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர், எங்கே தங்கியிருக்கிறார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது என்றும் சொன்னேன். எல்லாம் சிங்களத்தில். தம்பிக்கு அப்போது சிங்களம் விளங்காது. ஆனால் கொழும்புக்கு வந்து நாலு நாளில் எல்லாருக்கும் விளங்கிவிடுகிற சொல் நே. அவன் நுரையைத் துப்பவும் மறந்து என்னைப் பார்த்தான். வாய் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். கழுவினான். கொடியில் கிடந்த துவாயை எடுக்கக் கை நீட்டியவன், அதை எடுத்தால் நான் பொய் சொன்னது தெரிந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ, கையைத் திருப்பிக்கொண்டு சாரத்துத் தலைப்பில் முகத்தைத் துடைத்தான். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தான் என்று நான் நினைக்கிறேன். அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஓம் என்று சொல்லியிருந்தால் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள், அம்மா வயிற்றோடு நடுத்தெருவில் நின்றிருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்து ஒழுங்கையில் இதே மாதிரி ஒரு வீட்டில் அந்த மனிதர் ஓம், என் தம்பிதான், பெயர் போட மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நாலு பேச்சுப் பேசிவிட்டு, அவரையும் வீட்டுக்காரரையும் நிலையத்துக்கு வரவழைத்து, பெயரை எழுதிக்கொண்டு விட்டிருக்கிறார்கள். கொழும்பில் இருக்க விலாசமோ காரணமோ இல்லாதவன் என்று எழுதப்பட்டதனால்தான் தம்பியை ஏழு மாதம் வைத்திருந்தார்கள். அவனுக்கு விலாசம் இருந்தது. நான் அதை இல்லாமல் பண்ணினேன்.

அந்த ஏழு மாதமும் கிழமைக்கு ஒரு முறை பார்க்க விடுவார்கள். வாசலில் ஒரு கொப்பி இருக்கும். வருகிறவரின் பெயர், உறவு, விலாசம் எழுத வேண்டும். அம்மா உன்னைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்று, உறவு என்ற இடத்தில் அண்ணி என்று எழுதி, எங்கள் விலாசத்தையும் எழுதி, சோற்றுப் பார்சல் கொடுத்துவிட்டு வருவார். நீ பிறந்த பிறகு இரண்டு கிழமை மட்டும் போகவில்லை. நான் ஒரு நாளும் போகவில்லை. கந்தோரில் லீவு இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தக் கொப்பியில் அண்ணன் என்று எழுதினால், அண்டைக்கு ஏன் தெரியாது என்று சொன்னாய் என்று கேட்பார்கள் என்ற பயம். அம்மாவுக்கு அது தெரியும். ஒரு நாளும் அதைச் சொல்லி என்னைக் குத்தியதில்லை. அதுவே எனக்குக் குத்தாக இருந்தது.

வெளியில் வந்த தம்பி எங்கள் வீட்டில் ஒரு நாள் நின்றான். உன்னைத் தூக்கி வைத்திருந்தான். மறுநாள் சிநேகிதன் ஒருவன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போனான். ஐந்து வருடம் கழித்து ஃபோன் பண்ணினான், எனக்கில்லை, அம்மாவுக்கு. "அண்ணி, வெள்ளவத்தையில ஒரு வீடு வாங்கியிருக்கிறன். நீங்களும் பிள்ளையும் இருங்கோ." நீங்களும் பிள்ளையும் என்றான். நான் அதில் என்னையும் சேர்த்துக்கொண்டு குடிபோனேன். அந்த விலாசத்தில் எங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று அவன் சொன்னபோது, போடக்கூடாது என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் அந்த ஓம். மன்னித்துவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப்பற்றி அவனும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. கதைக்காமல் இருப்பதைச் சமாதானம் என்று நம்பினேன்.

நீ அந்த விசாவை விட்டுவிடலாம் என்று சொல்லத் தொடங்கிய கிழமை, ஒரு பின்னேரம் நான் தனியாகக் கடற்கரைப் பக்கம் நடந்து போய், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்த சிமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்து சித்தப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன். எடுத்த உடனே சொன்னேன், நலம் விசாரிக்கவில்லை. "தம்பி, அண்டைக்கு நான் இல்லை எண்டு சொன்னது பிழை. நீ எங்களோட இருந்தனி. நான் பொய் சொன்னனான்." அந்த நேரம் பாணந்துறைப் பக்கம் ஒரு ரயில் போனது. அதன் சத்தம் அடங்கியதும் அவர் சொன்னார்.

"அண்ணை, நீங்கள் பயந்தது எனக்கு அண்டைக்கே விளங்கினது. அதை எப்பவோ விட்டிட்டன். எனக்கும் பயம்தான். உங்கட இடத்தில நான் நிண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பனோ தெரியாது. ஆனா ஏழு மாசம் அண்ணை. அண்ணி வாறா, வயித்தைத் தள்ளிக்கொண்டு வாறா. அண்ணை எங்க எண்டு கேப்பன். லீவில்லை எண்டுவா. ஒரு முறை வந்தது போயா நாளில. நாடே லீவு. அண்டைக்கும் கேட்டனான். அண்டைக்கும் லீவில்லை எண்டா. அவவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, குனிஞ்சுகொண்டு சொன்னா. அதுக்குப் பிறகு நான் கேக்கேல்ல."

மன்னித்துக்கொள் என்றேன். அவர் பேச்சைக் கடிதத்துக்குத் திருப்பினார். "பிள்ளைக்குக் கடிதம் தாறன். அவன் என்ன செய்தவன்? ஆனா அண்ணை, நான் வீட்டை விக்கப் போறன். ரெண்டு வருசமா யோசிக்கிறன், அண்ணிக்காகச் சொல்லாம இருந்தனான். கடிதத்தோட சேர்த்து, உங்களுக்கு வீட்டில உரித்து இல்லை, மூண்டு மாசத்தில விடுறம் எண்டு நீங்கள் ரெண்டு பேரும் ஒரு பேப்பரில கையெழுத்து வைக்க வேணும். லோயர் கூப்பிடுவார்" என்றார். சரி என்றேன். இந்த முறையும் உடனேதான் சொன்னேன்.

புதுக்கடையில் ஒரு லோயரின் கந்தோரில் இரண்டு பத்திரங்கள் தயாராக இருந்தன. ஒன்று உனக்கு நான் கொண்டுவந்து தந்தது, இன்னார் மனைவி மகனோடு பத்தொன்பது வருடமாக எனது வீட்டில் வசித்து வருகிறார் என்று. நீ அதை வாங்கி உச்சியில் வைத்துக்கொண்டு ஆடினாய். மற்றது உனக்குக் காட்டாதது. அதிலும் அதே வசனம்தான் முதலில் இருந்தது, வசித்து வருகிறார் என்று. பிறகு எப்போது வெளியேறுவார் என்று இருந்தது. நாங்கள் அங்கே வாழ்ந்தோம் என்று யாராவது எழுதிவைத்த கடதாசி இந்த உலகத்தில் இந்த இரண்டும்தான். அம்மா ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கேட்டார்.

"அவரிட்ட அந்த விசயம் சொன்னனீங்களா?"

"ஓம்."

"கடிதம் தேவைப்பட்டபடியாச் சொன்னனீங்கள்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் சொன்னது சரி. உனக்குக் கடிதம் தேவைப்பட்டிருக்காவிட்டால் நான் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன்.

விசா வந்தது. நீ போகும் நாளில் விமான நிலையத்தில் எங்களைக் கட்டிப்பிடித்துவிட்டு, "சித்தப்பா செத்தாலும் எனக்குச் சொல்லாதேங்கோ" என்றாய். கெஞ்சிக் கூத்தாடித்தான் அந்தக் கடிதத்தை நான் வாங்கினேன் என்று நீ நினைத்திருந்தாய். குனிந்து உன் பெட்டியின் பட்டியை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. ஆனாலும் தகப்பன், சொல்லித்தான் ஆக வேண்டும். நீ அங்கே அறை எடுத்தால் உன் பெயரில் எடு, பதிய வேண்டிய இடத்தில் அந்தக் கிழமையே பதி. வேறு ஒருவன் உன் அறையில் வந்து பாய் போட்டால், அது நாலு நாளோ நாலு மாதமோ, அவன் பெயரையும் எழுது. வீட்டுக்காரர் மறுத்தால் அந்த வீட்டை விடு. நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அனெக்ஸில் நாங்கள் அதற்குப் பிறகு இருந்தது ஒன்பது மாதம்தான், வீட்டுக்கார அம்மா மகனுக்குக் கலியாணம் என்று எழுப்பிவிட்டார். அந்த ஒன்பது மாதத்துக்காக நான் கொடுத்ததை நினைத்துப் பார். பயப்படாதே என்று நான் சொல்லவில்லை, பயம் வரும்தான். பயந்து ஒரு பொய் சொன்னால் அடுத்த நாளே போய் அதைத் திருத்து. அடுத்த நாள் போகாவிட்டால் அடுத்த கிழமை போ. நான் இருபத்தைந்து வருடம் எடுத்தேன்.

சித்தப்பாவுக்கு ஃபோன் பண்ணு. என்னை விட்டுக்கொடுத்துக் கதைத்தாலும் பரவாயில்லை. நீ கல்நெஞ்சன் என்று சொன்னவர், தன்னை எங்களோடு இருக்கவில்லை என்று சொன்னவனுக்குப் பத்தொன்பது வருடம் கூரை தந்தவர்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. வீட்டு விற்பனைக்குக் கையெழுத்து வைக்க அவர் இந்தக் கிழமை கொழும்புக்கு வந்திருக்கிறார். அம்மாவுக்குத்தான் சொன்னார், அம்மாதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எனக்குச் சொல்லச் சொல்லவில்லையாம். இன்று காலையில் நான் ஷேவ் எடுத்து, நல்ல ஷேர்ட் ஒன்று போட்டுக்கொண்டு, அவர் தங்கியிருக்கும் காலி வீதி ஹோட்டலுக்குப் போனேன். வரவேற்பில் இருந்த தமிழ்ப் பிள்ளை, யார் என்று சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

"அண்ணன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அந்தச் சொல்லை ஒரு மேசைக்கு முன்னால் நின்று, முன்பின் தெரியாத ஒருவரிடம், நான் சொன்னது அதுதான் முதல் முறை.

பிள்ளை அறைக்கு ஃபோன் எடுத்து மெதுவாகக் கதைத்தார். வைத்துவிட்டு, "சேர், அவர் ரூமில இல்லையாம்" என்றார்.

"ஆர் சொன்னது?"

"அவர்தான் சேர்" என்றவர் தான் சொன்னது என்ன என்று விளங்கி, முகம் சிவந்து, மேசையில் இருந்த பேனைகளை அடுக்கத் தொடங்கினார்.

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டரை வரை இருந்தேன். அவர் இறங்கி வரவில்லை. வெள்ளிக்கிழமைதான் அவருக்குப் பயணம். நாளைக்கும் போவேன். நாளை மறுநாளும் போவேன். அவர் இறங்கி வருவார் என்று நினைத்து நான் போகவில்லை, மகன். பார்க்க வந்தவர் யார் என்று கேட்கும்போது, ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை மேலே சொல்ல வேண்டும், அண்ணன் வந்திருக்கிறார் என்று.

அப்பா